விறகுப் புகை: எந்த மரம், எவ்வளவு புகை, என்ன நெடி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விறகடுப்போ, விறகு எரிக்கும் கணப்போ வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பல வருடம் விறகோடு மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டதையும், புகையைப் பற்றித் தேடித் தேடிப் படித்ததையும் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

புகை என்பது என்ன? எரிந்த மரம்தானே புகையாகப் போகிறது?

எரியாத மரம்தான் புகையாகப் போகிறது. இதை ஒரு மெழுகுவத்தியை வைத்தே பார்த்துவிடலாம். ஏற்றிய மெழுகுவத்தியை ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை இழை எழும்பும். எரிகிற தீக்குச்சியை அந்த இழையில், திரிக்கு இரண்டு விரற்கடை மேலே காட்டுங்கள். தீ புகை வழியாகவே கீழே ஓடி வந்து திரியைப் பற்றிக்கொள்ளும். குச்சி திரியைத் தொடவே இல்லை. அந்தப் புகை முழுவதும் எரியாத மெழுகு.

விறகிலும் இதே கதைதான். சூடேறும்போது முதலில் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகும். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மரமே சிதைந்து வாயுவாகவும் தார் ஆவியாகவும் வெளியே வரத் தொடங்கும். நாம் பார்க்கிற மஞ்சள் சுவாலை அந்த வாயு எரிவதுதான். வாயு போன பிறகு மிஞ்சும் கரி, கடைசியில் தணலாக நின்று எரியும். அந்த வாயு முழுதாக எரிய ஏறக்குறைய 600 டிகிரிச் சூடு வேண்டும், போதுமான காற்று வேண்டும், சுவாலைக்குள் கொஞ்ச நேரம் தங்கவும் வேண்டும். மூன்றில் எது குறைந்தாலும் மிச்சம் புகையாகி வெளியேறும். முழுதாக எரிந்தால் கிடைப்பது பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியும்தான். இரண்டுக்கும் நிறமும் இல்லை, நெடியும் இல்லை.

சரி, எந்த மரம் குறைவாகப் புகையும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். மரத்தின் பெயரைவிட அதன் ஈரம்தான் முக்கியம் என்பது என் பதில். நன்றாகக் காய்ந்த சுமாரான மரம், பச்சையாக இருக்கும் உயர்ந்த மரத்தைவிடச் சுத்தமாக எரியும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எடைக்கு எடை பார்த்தால் மரங்களுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. ஈரமே இல்லாத ஒரு கிலோ விறகு, எந்த மரமானாலும், ஏறக்குறைய 18 முதல் 20 மெகாஜூல் வெப்பம் தரும். வித்தியாசம் அடர்த்தியில் இருக்கிறது. சவுக்கு, கருவேலம், சீமைக்கருவேலம், புளி, ஓக் போன்றவை கனமான கட்டைகள். மெதுவாகப் பற்றும், பற்றிவிட்டால் வாயுவைச் சீராக விடும், தணலும் நெடுநேரம் நிற்கும். இலவம், முருங்கை, பப்ளார் போன்ற இலேசான மரங்கள் சட்டென்று பற்றி, ஒரேயடியாக வாயுவைக் கக்கி, தணல் தங்காமல் சாம்பலாகும். அப்படிக் கக்கும் நேரத்தில் காற்று போதாவிட்டால் குபுகுபுவென்று புகையும். இலேசான மரம் மோசமானது என்று சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வைத்து எரிக்க வேண்டிய மரம் அது.

பைன், தேவதாரு போன்ற ஊசியிலை மரங்களில் பிசின் அதிகம். தைலமரத்தில் எண்ணெய் இருக்கிறது. இவற்றைக் காற்றில்லாத அடுப்பில் போட்டால் கரும்புகையும் புகைக்கரியும் நிச்சயம். ஆனால் 'பைன் எரித்தால் புகைபோக்கி பாழ்' என்று பரவியிருக்கும் பயம் அளவுக்கு மீறியது. காய்ந்த பைனை நல்ல காற்றோட்டத்தில் எரித்தால் ஒன்றும் ஆகாது. ஈரமான ஓக்கை மூட்டம் போட்டு எரித்தவர் வீட்டுப் புகைபோக்கியில்தான் அதிகத் தார் படியும்.

பட்டையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பட்டையில் சாம்பல் சத்தும் ஈரமும் உள்மரத்தைவிட அதிகம். உள்மரத்தில் சாம்பல் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் குறைவு. பட்டையில் அதைப்போலப் பல மடங்கு. தடிப்பட்டையோடு எரிப்பதைவிட உரித்துவிட்டு எரித்தால் புகை குறைவதை ஒரே நாளில் பார்க்கலாம்.

ஒரே மரத்து விறகு ஒரு நாள் நன்றாக எரிகிறது, மறுநாள் கண்ணைக் கரிக்கிறது. ஏன்?

ஈரம்தான். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஒரு கிலோ பச்சை விறகை அடுப்பில் வைத்தால் அரைக் கிலோ தண்ணீரையும் சேர்த்தே வைக்கிறீர்கள்.

தண்ணீரை ஆவியாக்கவே பாதி வெப்பம் போய்விடும் என்று பலர் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி வருவதில்லை. அரைக் கிலோ தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்க ஏறக்குறைய 1.3 மெகாஜூல் போதும். மீதி அரைக் கிலோ மரத்திலிருந்து 9 மெகாஜூலுக்கு மேல் கிடைக்கிறது. ஆக, ஏழில் ஒரு பங்குதான் நேரடி நட்டம். பிறகு ஏன் பச்சை விறகு அவ்வளவு மோசமாக எரிகிறது? தண்ணீர் கட்டையில் இருக்கும்வரை அந்தப் பகுதியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வெளியே வரும் நீராவி சுவாலையைக் குளிர்விக்கிறது. வாயு எரிய வேண்டிய 600 டிகிரி கிடைக்காமல் போகிறது. அதாவது, தண்ணீர் தின்னும் வெப்பத்தைவிட, எரியாமலே புகையாகப் போகும் மரம்தான் பெரிய நட்டம்.

கட்டையின் வெட்டுமுனையைக் குனிந்து பாருங்கள். அடுப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில், மரத்தின் நுண்குழாய்கள் வழியாக முதலில் சிறு முத்துகளாகத் தண்ணீர் கசியும். பிறகு பழுப்பு நுரை பொங்கும். கூடவே 'ஸ்ஸ்' என்று மெல்லிய சீறல் கேட்கும். நுரை வந்துகொண்டிருக்கும்வரை அந்தக் கட்டை எரியவில்லை, வேகிறது. அந்த நேரத்தில் ஊதுகுழலால் எவ்வளவு ஊதினாலும் மூச்சுதான் வாங்கும்.

விறகு காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'கணீர்' என்று ஒலிக்கும், ஈரமானது 'தொப்' என்று மந்தமாகக் கேட்கும். காய்ந்த கட்டை பார்வைக்குக் காட்டும் பருமனைவிடக் கையில் இலேசாக இருக்கும். முனைகளில் நடுவிலிருந்து விளிம்புக்கு வெடிப்பு ஓடியிருக்கும். பட்டை தானாகக் கழன்று வரும்.

ஆனால் வெடிப்பை மட்டும் நம்பாதீர்கள். மரம் சுருங்கத் தொடங்குவது அதன் ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் என்பது உண்மை. ஆனால் முனை முதலில் காய்ந்து வெடித்துவிடும், நடு அப்படியே ஈரமாக இருக்கும். நானே ஏமாந்திருக்கிறேன். 'நல்லா காய்ஞ்சது' என்று சொல்லி விற்ற ஒரு கட்டு விறகு முழுவதும் முனை வெடித்துத்தான் இருந்தது. வீட்டில் பிளந்து உள்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருந்தது. அன்றிலிருந்து ஒரு கட்டையாவது பிளந்து பார்க்காமல் வாங்குவதில்லை.

எடை போடுவதுதான் எனக்குப் பிடித்த முறை. நடுத்தரமான ஒரு கட்டையில் அடையாளம் போட்டு, வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை இறங்குவது நின்றுவிட்டால் அந்த இடத்தின் காற்றில் அது காயக்கூடிய அளவு காய்ந்துவிட்டது. ஈரமானி வைத்திருந்தால் கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரியும் நடுப்பரப்பில் குத்திப் பாருங்கள். முனையில் குத்தினால் குறைத்தே காட்டும்.

20 சதவீதத்துக்குக் கீழே என்பதுதான் பொதுவான அளவுகோல். இங்கிலாந்தில் 2021 மே மாதத்திலிருந்து, இரண்டு கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டமே இருக்கிறது.

சீக்கிரம் காய வைக்க வழி?

குட்டையாக வெட்டுங்கள், பிளந்து வையுங்கள். மரத்தின் நரம்பு வழியாக முனைப்பக்கம் ஈரம் வெளியேறும் வேகம், பக்கவாட்டில் வெளியேறுவதைவிடப் பல மடங்கு அதிகம். முழுக்கட்டையைப் பட்டையோடு வருடக்கணக்கில் போட்டு வைத்தால் காயாது, மக்கும். மண்ணில் படாமல் கல்லோ கட்டையோ போட்டு அதன்மேல் அடுக்கி, தலைக்கு மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். தார்ப்பாயால் சுற்றிக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த விறகின் நெடி தனி ரகம். அதை எரிக்கும்போது மட்டுமில்லை, கையாளும்போதே தும்மல் வரும். பருமனையும் காற்றையும் பொறுத்து ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை ஆகலாம்.

அடுப்பின் சூட்டிலேயே காய வைப்பவர்கள் தீ எட்டாத தூரத்தில் வையுங்கள். அடுப்பை ஒட்டி அடுக்கிய விறகு பற்றி எரிந்த வீடுகள் உண்டு.

விறகு அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால் நல்லதுதானே?

எப்போதும் இல்லை. நன்றாகக் காய்ந்த சுள்ளியையும் சிராயையும் அடுப்பு நிறையத் திணித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் வாயுவைக் கக்கும். அதை எரிக்கும் அளவுக்குக் காற்று உள்ளே வர முடியாது. விளைவு கரும்புகை. விறகில் குறையில்லை. ஒரே நேரத்தில் வைத்த அளவுதான் கூடிவிட்டது.

புகையின் நிறத்தை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். புகைபோக்கியிலிருந்து வெள்ளையாகக் கிளம்பி சில அடிகளிலேயே கரைந்து போனால் அது பெரும்பாலும் நீராவி. கெட்டியான வெள்ளையாக, கரையாமல் தவழ்ந்து போனால் அது எரியாத தார்த்துளிகள், சூடு போதவில்லை. நீலம் கலந்த மெல்லிய புகை, மூட்டம் போட்டு மெதுவாகக் கருகும் தீயின் அடையாளம். அதிலுள்ள துகள்கள் மிகச் சிறியவை என்பதால் நீலமாகத் தெரிகிறது. கறுப்பு என்றால் சூடு இருந்தும் காற்று போதவில்லை, அல்லது பிசினோ பிளாஸ்டிக்கோ எரிகிறது.

கண்ணுக்குப் புகையே தெரியாவிட்டால் காற்று சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். கீழே கரியைப் பற்றிய பதிலையும் படியுங்கள்.

மரத்துக்கு மரம் மணம் ஏன் மாறுகிறது?

மரத்தைத் தாங்கிப் பிடிக்கும் பசை போன்ற பொருளுக்கு லிக்னின் என்று பெயர். மரத்தின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அது. 'புகை வாசம்' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி லிக்னின் சிதைவதால்தான் வருகிறது. ஊசியிலை மரங்களின் லிக்னின் பெரும்பாலும் குவையகால் வகைப் பொருட்களைத் தருகிறது. காரமான, மருந்து போன்ற நெடி அது. அகன்ற இலை மரங்கள் குவையகாலோடு சிரிங்கால் வகையையும் தருகின்றன. அதனால் அவற்றின் புகை சற்று மென்மையாக இருக்கும். வெனிலாவின் மணத்துக்குக் காரணமான வெனிலினும் கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜினாலும்கூட விறகுப் புகையில் இருக்கின்றன. புகை சில சமயம் இனிப்பாக மணப்பதற்கு இதுதான் காரணம்.

லிக்னின் தவிர மீதி மரம் செல்லுலோஸும் அதன் உறவுக்காரப் பொருட்களும். அவை சிதைந்தால் அசெட்டிக் அமிலம், ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் எல்லாம் வரும். ஈரவிறகு புகையும்போது மூக்கில் ஏறும் புளித்த, குத்தும் நெடிக்கு இவை பெரும் காரணம்.

மூன்றாவதாக அந்தந்த மரத்துக்கே உரிய எண்ணெயும் பிசினும். சந்தனம், தேவதாரு, தைலமரம் இவற்றின் வாசம் சூடேறிய முதல் சில நிமிடங்களில்தான் தெரியும். எண்ணெய் ஆவியாகிப் பறந்த பிறகு எல்லா மரத்துக் கரியும் ஒன்றுபோலத்தான் மணக்கும். அதனால் மணம் தேடுகிறவர்களுக்குக் கிடைப்பது, சரியாகச் சொன்னால், எரியாத பகுதியின் மணம். முழுதாக எரியும் தீ ஏறக்குறைய வாசமே இல்லாதது.

நல்ல மணமுள்ள புகை உடம்புக்குக் கெடுதல் இல்லை என்கிறார்களே?

தவறு. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அன்பாகவும் நம்பிக்கையாகவும் சொல்லப்படும் தவறு இது. மூக்குக்கு இதமாக இருப்பதற்கும் நுரையீரலுக்குப் பாதுகாப்பாக இருப்பதற்கும் தொடர்பே இல்லை. சந்தனப் புகையிலும் நுண்துகள் இருக்கிறது, பென்சீன் இருக்கிறது. 'பைரீன்' என்று முடியும் பெயர்களைக் கொண்ட புற்றுநோய்ப் பொருட்களும் எந்த மரத்துப் புகையிலும் உண்டு. வீட்டுக்குள் விறகு போன்ற தாவர எரிபொருளை எரிப்பதால் வரும் புகையை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க அநேகமாக வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. எந்த மரத்துக்கும் அதில் விதிவிலக்கு இல்லை.

இன்னொன்று. மூக்கு சீக்கிரம் பழகிவிடும். புகையில் பத்து நிமிடம் இருந்தாலே நெடி குறைந்ததுபோலத் தோன்றும். வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி உள்ளே வாருங்கள். வாசலில் முதல் மூச்சில் தெரிவதுதான் அறையின் உண்மையான நிலை.

நுண்துகள் என்றால் எவ்வளவு சிறியது? எவ்வளவு இருந்தால் ஆபத்து?

தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரான். விறகுப் புகைத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. மூக்கு முடியும் சளியும் தடுக்கும் அளவைவிடச் சிறியவை என்பதால் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் உட்காரும். மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதலின்படி, 2.5 மைக்ரானுக்குச் சிறிய துகள்கள் ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. ஒரு நாள் சராசரி 15. காற்றோட்டம் குறைந்த வீட்டில் திறந்த அடுப்பு எரிந்தால், ஏற்றுக்கொள்ளத்தக்க அளவைப்போல் 100 மடங்கு வரை துகள் சேரலாம் என்று அதே நிறுவனம் சொல்கிறது. 2020ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுக்குள் எரியும் எரிபொருள் புகையால் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக அது கணக்கிட்டிருக்கிறது. அதில் 2,37,000க்கும் மேற்பட்டவர்கள் ஐந்து வயதைத் தாண்டாத குழந்தைகள். விறகு மட்டுமில்லாமல் சாணம், நிலக்கரி, மண்ணெண்ணெய் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. மாரடைப்பு, பக்கவாதம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, குழந்தைகளுக்கு நிமோனியா என்று அந்த மரணங்கள் வருகின்றன. 'வெறும் இருமல்தானே' என்று யாரும் தள்ளிவிட வேண்டாம்.

புகையில்லாமல் இருப்பதால் கரி பாதுகாப்பானதா?

கண்ணுக்கு இதமானது, உயிருக்கு இல்லை. கரியாகும்போதே தாரும் ஆவியும் போய்விட்டதால் தணலில் புகை குறைவு. ஆனால் கார்பன் மோனாக்சைடு நிறைய வரும். அதற்கு நிறம் இல்லை, நெடி இல்லை, கண்ணும் எரியாது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வரும். அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் கேள்வியே வேண்டாம், கதவைத் திறந்துவிட்டு வெளியே ஓடுங்கள். தூக்கத்தில் என்றால் அறிகுறி தெரியாமலே உயிர் போகும். மூடிய அறைக்குள் கரித்தணல் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள், ஒரு இரவுகூட. விறகோ கரியோ எரிக்கும் வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று அவசியம் இருக்க வேண்டும்.

எரிக்கவே கூடாத மரங்கள் உண்டா?

உண்டு. அரளியின் எந்தப் பகுதியையும் எரிக்காதீர்கள். அதன் நஞ்சு புகையிலும் வரும். கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும் பால் கொண்ட தில்லை மரத்தின் புகையும் கண்ணைப் பதம் பார்க்கும். கரீபியன் கடற்கரைகளில் வளரும் மஞ்சினீல் மரமும் அப்படித்தான். தோலைக் கொப்பளிக்க வைக்கும் சாறு கொண்ட சேங்கொட்டை, முந்திரிக்கொட்டை ஓடு போன்றவற்றை அடுப்பில் போட்டால் அந்தச் சாறு புகையோடு சேர்ந்து தொண்டைக்குள் போகும். வெட்டும்போது கையை அரிக்கும் மரத்தை எரிக்காதே என்று வைத்துக்கொண்டால் அநேகமாகத் தப்பித்துவிடலாம்.

கடலில் மிதந்து கரை ஒதுங்கிய கட்டையும் வேண்டாம். அழகான நீலச் சுவாலை வரும். ஆனால் அதில் ஊறிய உப்பிலுள்ள குளோரின், எரியும்போது டயாக்சின் என்ற கொடிய நஞ்சு உருவாகக் காரணமாகிறது.

பழைய கதவு, ஜன்னல், பலகைத் துண்டுகளை எரிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். பிளைவுட்டிலும் துகள் பலகையிலும் பசை இருக்கிறது, அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு வரும். வெளிப்புற வேலைக்காகப் பச்சை நிறச்சாயல் தெரியும்படி மருந்தேற்றிய பழைய மரத்தில் குரோமியம், செம்பு, ஆர்செனிக் மூன்றும் இருக்கலாம். அதை எரித்தால் ஆர்செனிக்கில் ஒரு பங்கு புகையிலும் மீதி சாம்பலிலும் தங்கும். அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டு உபயோகத்திலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்ட மருந்து இது. ஆனால் அதற்கு முன் கட்டிய வேலிகளும் தளங்களும் இன்னும் பிரிக்கப்பட்டு விறகுக் குவியலுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. தாரில் ஊறிய தண்டவாளக் கட்டையும் இதே ரகம்தான். பெயின்ட், பசை, மருந்து எதுவும் படாத வெறும் மரத்துண்டு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எரியுங்கள்.

இரவு முழுக்க எரிய வேண்டும் என்று காற்றை அடைத்துவிட்டுத் தூங்கலாமா?

அடுப்புக்கும் அண்டை வீட்டுக்கும் சேர்த்துச் செய்யும் கெடுதல் அது. காற்றை அடைத்தால் தீ அணையாது, மூட்டமாகும். விறகு வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும், எரிக்க ஆக்சிஜன் இருக்காது. அந்தத் தார் ஆவி புகைபோக்கியின் குளிர்ந்த சுவரில் படிந்து, முதலில் பளபளப்பான கறுப்புப் பூச்சாகவும் பிறகு மேலோடாகவும் இறுகும். ஒரு நாள் நல்ல தீ மூட்டும்போது அந்தப் படிவமே பற்றிக்கொண்டால் புகைபோக்கிக்குள் உறுமல் கேட்கும், கூரையே போய்விடும். சிறிய, பிரகாசமான தீ போட்டு, அது அணைந்தால் அணையட்டும் என்று விடுவது மேல்.

புகையில்லாமல் பற்றவைக்க ஏதாவது நுணுக்கம்?

மேலிருந்து பற்றவையுங்கள். தடித்த கட்டை இரண்டைக் கொஞ்சம் இடைவெளி விட்டுக் கீழே வைத்து, அதன்மேல் நடுத்தர விறகு, அதற்கும் மேல் சுள்ளி, உச்சியில் சிராய் வைத்துக் கொளுத்துங்கள். தீ கீழ்நோக்கி இறங்கும்போது கீழ்க்கட்டை விடும் வாயு மேலேயிருக்கும் சுவாலையைக் கடந்துதான் போக வேண்டும். போகும் வழியில் எரிந்துவிடும். கீழிருந்து கொளுத்தினால் மேல்கட்டை சூடேறி விடும் வாயு, சுவாலையைச் சந்திக்காமலே தப்பிவிடும். முதல்முறை செய்யும்போது நம்பிக்கை வராது. பத்து நிமிடம் பொறுத்தால் வித்தியாசத்தைப் புகைபோக்கி உச்சியிலேயே பார்க்கலாம். இது கணப்புக்கும் பெட்டி அடுப்புக்கும் பொருந்தும். முன்வாய் வழியாக விறகைத் தள்ளும் அடுப்பென்றால், மெல்லிய விறகை ஒன்றிரண்டாக, முனை மட்டும் தீயில் இருக்கும்படி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள்.

அடுப்பை மாற்றினால் பலன் தெரியுமா?

தெரியும். அமெரிக்காவில் 2020இலிருந்து விற்கும் புதிய விறகுக் கணப்புகள், பரிசோதனையில் மணிக்குச் சுமார் 2 கிராம் துகளுக்கு மேல் விடக்கூடாது. பழைய கணப்புகள் இதைப்போலப் பல மடங்கு விட்டுக்கொண்டிருந்தன. மூன்று கல் அடுப்பு விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று அதிகமாகத்தான் பாத்திரத்துக்குக் கொடுக்கிறது. நல்ல வடிவமைப்புள்ள அடுப்பு அதைவிட இரண்டு மூன்று மடங்கு கொடுக்கும். ஆனால் பரிசோதனைக்கூடத்தில் காய்ந்த விறகை அளந்து வைத்து எரிக்கிறார்கள். அதே அடுப்பில் நாம் பச்சைக் கட்டையைத் திணித்தால் அந்த எண் வராது.

எரிவாயுவோ மின்சாரமோ கிடைக்கும் வீட்டில் அன்றாட வேலைக்கு அதையே வையுங்கள் என்பதுதான் என் கருத்து. விறகின்மேல் பிரியம் உள்ளவன் சொல்கிறேன்.

அண்டை வீட்டில் புகை வருகிறது என்கிறார்கள். பகலில் புகார் இல்லை, ராத்திரிதான். ஏன்?

அமைதியான, மேகமில்லாத இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழேயும் சூடான காற்று மேலேயும் அடுக்காக நின்றுவிடும். புகை மேலே ஏற முடியாமல் கூரை மட்டத்திலேயே படுத்துவிடும். பகலில் வெயில் அடித்துக் காற்று கலங்கும்போது அதே அளவு புகை எங்கோ போய்விடும். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த மாதிரி இரவுகளில் எரிக்காமல் இருங்கள், முடியாவிட்டால் சின்னத் தீயாக, காய்ந்த விறகாக இருக்கட்டும்.

துணியிலும் சுவரிலும் ஏறிய நெடி எப்படிப் போகும்?

அந்த நெடி காற்றில் மிதப்பதில்லை, தாராகப் படிந்திருக்கிறது. வாசனைத் தெளிப்பான் அதன்மேல் இன்னொரு வாசத்தைப் பூசும், அவ்வளவுதான். ஊதுவத்தி ஏற்றினால் புகைக்கு மேல் புகை. கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை. புகைத்தார் அமிலத்தன்மை உள்ளது என்பதால் சோப்புத் தண்ணீரோ சலவைச் சோடா கலந்த வெந்நீரோ நன்றாக எடுக்கும். சுவரைக் கீழிருந்து மேலாகத் துடையுங்கள்; மேலிருந்து துடைத்தால் அழுக்குநீர் ஓடிக் கோடு விழும். துணிகளைத் துவைத்து வெயிலில், காற்றில் காயப் போடுங்கள். காற்றுச் சுத்திகரிப்பான் வைத்திருந்தால், துகள் வடிகட்டி துகளை மட்டும்தான் பிடிக்கும். நெடியைப் பிடிக்கக் கரி வடிகட்டியும் வேண்டும். ஓசோன் விடும் கருவியை மட்டும் வாங்காதீர்கள். ஓசோன் தானே நுரையீரலை எரிக்கும்.

முகத்தில் துணி கட்டிக்கொண்டால் போதுமா?

போதாது. ஈரத்துணிகூட நுண்துகளைத் தடுக்காது. என்95 வகை முகக்கவசம் துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது.

மரம் திரும்ப வளர்ந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். பிறகு எதற்கு மாசு என்ற பேச்சு?

வளர்ந்தால்தான் எடுத்துக்கொள்ளும். எரிய ஒரு மணி நேரம், வளரப் பல வருடம். அப்புறம், அந்தக் கணக்கில் புகைக்கரி வருவதே இல்லை. காற்றில் அது சில நாள் முதல் சில வாரம்தான் இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் வெயிலை உறிஞ்சிச் சூடேற்றும் திறன் மிக அதிகம். பனியின்மேல் படிந்தால் பனியும் சீக்கிரம் உருகும். இதையெல்லாம் விட்டுவிட்டாலும், காட்டில் மரம் வளர்வதால் அடுப்படியில் இருப்பவரின் நுரையீரலுக்கு ஒரு பயனும் இல்லை.

சாம்பலை எப்போது வெளியே எடுக்கலாம்?

நினைப்பதைவிடத் தாமதமாக. சாம்பல் நல்ல போர்வை. அதற்குள் புதைந்த கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். அதுவரை கார்பன் மோனாக்சைடும் கசியும். மேலே கை வைத்தால் ஆறிவிட்டதுபோலத்தான் இருக்கும். ஒரு இரும்புக் கம்பியால் கிளறிப் பாருங்கள், நடுவிலிருந்து செக்கச் செவேலென்று ஒரு கங்கு எட்டிப் பார்க்கும். மூடி போட்ட தகர வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே, சுவரையும் விறகையும் ஒட்டாமல், சிமென்ட் தரையிலோ மண்ணிலோ வைத்துவிட்டு, மூன்று நான்கு நாள் கழித்துக் கொட்டுங்கள்.